பள்ளிவாசலில் நேரம் கணித்த மேதை

தொழுகை, நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதை நாம் அனைவரும் அறிவோம். வக்து வருமுன் தொழுதால் தொழுகை நிறைவேறாது. வக்து தவறினால் களாவாகிவிடும். இன்று அட்டவணையையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து நாம் எளிதாகத் தொழுதுவிடுகிறோம். கடிகாரம் இல்லாத காலத்தில் நம் முன்னோர் இதற்காகப் பட்ட பாட்டை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டு முதல் எகிப்திலும் ஷாமிலும் பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்றொரு பதவி இருந்தது. இமாம், முஅத்தின் போலவே அவரும் பள்ளியின் ஊழியர். சூரியனையும் நட்சத்திரங்களையும் கணித்து பாங்கின் நேரத்தைச் சொல்வதே அவர் வேலை. திமிஷ்க் (டமாஸ்கஸ்) நகரின் உமவிய்யா பள்ளியில் அப்பணியைச் செய்தவர்தாம் இப்னு ஷாத்திர் (ரஹ்) அவர்கள். இளமையிலேயே தந்தையை இழந்தவர். தந்தம் இழைக்கும் தொழிலைக் கற்றவர். கி.பி. 1375ல் வஃபாத்தானார்கள்.

ஹிஜ்ரி 773ல் (கி.பி. 1371-72) அவர்கள் அப்பள்ளியின் அல் அரூஸ் மினாராவில் ஒரு நிழல் கடிகாரம் அமைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள சலவைக்கல் அது. அக்காலத்தில் பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பங்கிடுவது வழக்கம். ஆகவே ஒரு மணி நேரம் என்பது கோடையில் நீண்டும் குளிர்காலத்தில் குறுகியும் இருக்கும். இப்னு ஷாத்திரோ முள்ளைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைத்தார்கள். அதனால் ஆண்டு முழுவதும் சம அளவுள்ள மணிகளை நிழல் காட்டிற்று. இத்தகைய சாய்ந்த முள் கொண்டு நமக்குக் கிடைத்திருக்கும் கடிகாரங்களில் இதுவே மிகப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கல் உடைந்துவிட, அங்கிருந்த முவக்கித் தன்தாவீ என்பவர் அச்சாக அதைப் போலவே வேறொன்று செய்து வைத்தார்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. கிரேக்க அறிஞர் தாலமியின் கணக்குப்படி, மாதத்தில் சில நாட்கள் சந்திரன் பூமிக்கு மிக நெருங்கி வந்து இரு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும். பிறை பார்க்கும் நம் வீட்டுச் சிறுவரும் அப்படிக் கண்டதில்லையே! இப்னு ஷாத்திர் அக்கணக்கைத் திருத்தி எழுதினார்கள். 1543ல் போலந்து நாட்டுக் கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்தது. அதிலும் சந்திரனைப் பற்றிய கணக்கு அதுவேதான்! இந்த ஒற்றுமை சுமார் நானூறு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. 1957ல்தான் விக்டர் ராபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் இதை எழுதி உலகறியச் செய்தார்.

உடனே ‘நம்மிடமிருந்து திருடினார்கள்’ என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது நியாயமல்ல. அக்கணக்கு எவ்வழியே ஐரோப்பா சென்றது என்பது அறிஞர்களிடையே இன்னும் தீராத விவாதம். மேலும் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று இப்னு ஷாத்திர் கூறவில்லை; பூமியை நடுவில் நிறுத்தியே அவர்கள் கணித்தார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னாலே அவர்களின் பெருமைக்குக் குறைவில்லை.

அஸர் வக்தை நிழலால் அறியும் முறையை நம் பிள்ளைகளுக்கு இன்று எத்தனை வீடுகளில் சொல்லித் தருகிறோம்? முற்றத்தில் 30 அங்குலக் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட்டு வையுங்கள். உச்சிப் பொழுதில் நிழல் மிகக் குறுகி நிற்கும். அது 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அத்துடன் குச்சியின் நீளத்தைக் கூட்டினால் 36. நிழல் அந்த அளவைத் தாண்டியதும் ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் துவங்கிவிடும். ஹனஃபீ மத்ஹபினர் குச்சியின் நீளத்தை இருமுறை கூட்டி, 66 அங்குலம் வரை காத்திருப்பார்கள். வரும் விடுமுறை நாளில் செய்து பார்த்து, உங்கள் மஹல்லா அட்டவணையோடு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.