வாழ்த்து அட்டையும் பெறுபவரின் வீடும்

வாழ்த்து அட்டை என்பது பலருக்காக ஒரே வகையில் அச்சிடப்பட்டு, ஒருவருக்கு மட்டுமே சொல்வதுபோல அனுப்பப்படும் செய்தி; அதைத் தேர்வதில் எழும் இடர்ப்பாடு முழுவதும் இந்த முரணிலிருந்தே பிறக்கிறது. அச்சகத்தார் சேர்த்த வரியும் ஓவியர் வரைந்த படமும் யாரிடம் போய்ச் சேரும் என்று தெரியாமலே உருவானவையாதலால், அவற்றை ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ, புதிதாக மணமான தங்கைக்கோ, வேற்றூரில் இருக்கும் சித்தப்பாவுக்கோ பொருந்தச் செய்யும் பொறுப்பு வாங்குபவரைச் சேர்கிறது. பெறுபவரின் இரசனை தெரிந்தால் போதும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும், ஆண்டுதோறும் அட்டை அனுப்பிப் பழகியோரின் அனுபவத்தில், மனத்தாங்கலை உண்டாக்கிய அட்டைகளுள் பெரும்பாலானவை பெறுபவரின் வீட்டில் அவ்வாண்டு என்ன நடந்தது என்பதைக் கேட்டறியாமல் அனுப்பப்பட்டவையாகவே இருக்கின்றன.

இந்த இடர்ப்பாடு அட்டையோடு சேர்ந்தே பிறந்தது எனலாம். பிரிட்டனில் 1840-இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்தபின், 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை ஒன்றை வரையச் செய்து, ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார். விற்பனைக்கென அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டையாக அதுவே கருதப்படுகிறது. இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகளும், நடுவே ஒரு குடும்பத்தார் மதுக்கிண்ணம் ஏந்தி வாழ்த்துவதும் அதில் தீட்டப்பட்டிருந்தன. அக்குடும்பத்தில் ஒரு குழந்தையும் மதுவைச் சுவைப்பதாகக் காட்டப்பட்டிருந்தமையால், குடிக்கு எதிராக இயங்கிய மதுவிலக்கு இயக்கத்தார் அதைக் கண்டித்தனர். அனுப்புபவர் மகிழ்ச்சியின் அடையாளமாகக் கருதிய படம், பெறுபவருக்கு வேறொன்றாகப்படக்கூடும் என்பது அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

பொங்கல் வாழ்த்து தந்த பாடம்

தமிழ்நாட்டில் வாழ்த்து அட்டை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பொங்கல் வாழ்த்துதான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய லேபிள்களை அச்சிட்டு வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழில், நாட்காட்டிகளோடு வாழ்த்து அட்டைகளையும் பெருமளவில் தந்தது. செல்பேசி பரவுவதற்கு முன்பு, மார்கழி பிறந்ததும் கடைவீதிகளில் கயிறு கட்டி அட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டு விற்பது வழக்கம். பொங்கி வழியும் பானை, இருபுறமும் கரும்பு, மேலே கதிர் விரிக்கும் சூரியன், கொம்பில் வண்ணம் பூசிய காளை ஆகியவை ஒரு வகை, முருகன், இலட்சுமி முதலிய தெய்வப் படங்கள் மற்றொரு வகை, எம்.ஜி.ஆர்., சிவாஜி முதல் ரஜினி, கமல் வரையிலான நடிகர்களும் அரசியல் தலைவர்களும் இடம்பெற்றவை மூன்றாம் வகை. உள்ளே எதுகை மோனையுடன் நான்கு வரி வாழ்த்தும், அதன்கீழ் ‘அன்புடன்’ என்ற சொல்லும், பெயர் எழுதப் புள்ளிக்கோடும் இருக்கும்.

உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, குறைந்த மதிப்புள்ள தபால் தலையை ஒட்டி அனுப்புவது அக்காலத்துப் பழக்கம். அச்சிட்ட தாள்களுக்குத் தபால் துறை அளித்த கட்டணச் சலுகையே புக் போஸ்ட் எனப்பட்டது. உறை திறந்தே செல்லும் என்பதாலும் கையால் எழுதுவது குறைவாக இருக்க வேண்டும் என்பதாலும், பெரும்பாலோர் பெயரை மட்டும் எழுதி அனுப்பினர். ஆகவே சொல்ல வேண்டிய அனைத்தையும் படமும் அச்சுவரியுமே சுமக்க வேண்டியிருந்தது. நடிகர் படம் நண்பர்களுக்கு, தெய்வப் படம் அத்தை மாமாவுக்கு, பானையும் கரும்பும் மேலதிகாரிக்கு என்று எழுதப்படாத ஒரு பாகுபாடு தானே உருவானது. ஒரு நடிகரின் இரசிகருக்குப் போட்டி நடிகரின் படத்தை அனுப்பினால் அது கேலியாகவே கொள்ளப்படும் என்பதை அறியாத இளைஞர் அந்நாளில் இல்லை. ஒருவரைப் பற்றித் தெளிவாகத் தெரியாதபோது பானையும் கரும்பும் பாதுகாப்பானவை என்ற அந்தப் பழைய வழக்கம் இன்றைக்கும் நல்ல வழிகாட்டி.

வீட்டு நிலையை அறிதல்

ஓராண்டுக்குள் இறப்பு நேர்ந்த வீட்டில் பண்டிகை கொண்டாடாதிருப்பது தமிழ்நாட்டில் பல சமூகங்களின் வழக்கம். அத்தகைய வீட்டுக்குப் பழைய முகவரிப் பட்டியலைப் பார்த்துத் தீபாவளி வாழ்த்தோ பொங்கல் வாழ்த்தோ அனுப்புவது, துக்கமே தெரியாதவர்போல நடந்துகொள்வதாகப் பொருள்படும். கணவரை இழந்தவருக்கு ‘திரு., திருமதி’ என்று இருவர் பெயரும் இட்ட உறை போய்ச் சேருவது அதனினும் கொடியது. எனவே, அட்டை வாங்குவதற்கு முன்பே பட்டியலை உறவில் விவரம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. துக்க வீட்டாருக்குப் பண்டிகை கழிந்தபின் நலம் விசாரித்து ஒரு கடிதம் எழுதினால் போதும்.

மகிழ்ச்சியான செய்திகளுக்கும் இது பொருந்தும். மணமானபின் வரும் முதல் தீபாவளியாகிய தலைதீபாவளிக்குத் தம்பதியர் பெரும்பாலும் பெண்ணின் தாய்வீட்டுக்குச் சென்றுவிடுவதால், அவர்கள் குடியிருக்கும் முகவரிக்கு அனுப்பிய அட்டை பூட்டிய கதவுக்குள் கிடந்து, பண்டிகை முடிந்த பிறகே கையில் கிடைக்கும். மணநாளில் இயல்பாகத் தோன்றும் ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்ற அச்சுவரி, குழந்தைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்கு மணநாள் நிறைவு வாழ்த்தாகச் செல்லும்போது குத்தலாகிவிடும். பதினாறு என்பது பதினாறு வகைச் செல்வங்களைக் குறிக்கும் என்று விளக்கம் சொல்லலாம். ஆனால் அட்டையைப் பிரிப்பவர் அருகில் அந்த விளக்கம் சொல்ல ஆள் இருக்காது.

நம்பிக்கையும் நாளும்

தமிழ்ப் புத்தாண்டு எந்நாள் என்ற கேள்வி அட்டைத் தேர்வில் நேரடியாகத் தலையிடுகிறது. தை முதல் நாளே புத்தாண்டு என்று 2008-இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டு, 2011-இல் ஆட்சி மாறியபின் அது நீக்கப்பட்டு, சித்திரை முதல் நாளே மீண்டும் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பிலும் உறுதியான பற்றுடையோர் இன்றும் உள்ளனர்; ஆகவே ‘பொங்கல் வாழ்த்து’ என்று மட்டும் அச்சிட்ட அட்டை எவருக்கும் செல்லக்கூடியது என்றால், ‘தமிழ்ப் புத்தாண்டு’ என்ற தொடரும் திருவள்ளுவர் ஆண்டும் சேர்ந்த அட்டை பெறுபவரின் நிலைப்பாடு தெரிந்தபிறகே செல்லத்தக்கது. கிறித்து ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் கிடைப்பது திருவள்ளுவர் ஆண்டு. தீபாவளியை ஏற்காத பகுத்தறிவாளர் குடும்பங்கள் பொங்கல் வாழ்த்தை விருப்பத்தோடு பெறும் என்பதும் நினைவில் இருக்க வேண்டியது.

பிற சமய நண்பர்களை வாழ்த்துவோர், நாட்காட்டியில் சிவப்பில் உள்ள விடுமுறை எல்லாம் வாழ்த்துக்குரியது என்று எண்ணிவிடுகின்றனர். புனித வெள்ளி இயேசு சிலுவையில் மரித்ததை நினைவுகூரும் நாள். வாழ்த்துக்குரியது அதற்கடுத்து வரும் ஈஸ்டர் ஞாயிறு. மொகரம் இசுலாமிய ஆண்டின் முதல் மாதமாயினும், அதன் பத்தாம் நாள் ஷியா பிரிவினருக்குத் துக்க நாள். ரம்ஜானுக்கும் பக்ரீதுக்கும் மனித உருவங்களைத் தவிர்த்து, பிறையோ எழுத்தணியோ உள்ள அட்டையை எடுப்பது பொருத்தம்.

வயதும் உறவும்

இளையவர் மூத்தவரை வாழ்த்துவதில் தமிழ் மரபுக்கு ஒரு தயக்கம் உண்டு. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று சுவரொட்டிகள்கூடச் சொல்வது அதனால்தான். அறுபது நிறைவில் நடக்கும் மணிவிழாவுக்கோ, எண்பதை ஒட்டிய சதாபிஷேகத்துக்கோ அட்டை அனுப்பும் இளையவர், ‘நீடூழி வாழ்க’ என்று ஆசி கூறும் அச்சுவரியைத் தவிர்த்து, ‘தங்கள் ஆசியை வேண்டுகிறோம்’ என்று கையால் எழுதுவதே சிறப்பு. ஆங்கில அட்டைகளில் மிகுதியாகக் காணப்படும் முதுமை பற்றிய நகைச்சுவை, ஒத்த வயதுடைய நண்பர்களுக்குள் மட்டுமே எடுபடும்.

நோயுற்றவருக்கு அனுப்பும்போது நோயின் தன்மையே அளவுகோல். எலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு ‘விரைவில் நலம் பெறுக’ என்பது ஊக்கம் தரும். தீராத நோயோடு போராடுபவருக்கு அதே வரி பொய்யாக ஒலிக்கும். இரங்கல் அட்டையில் அச்சுக் கவிதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அயலாருடைய குரலாகவே நிற்பதால், உள்ளே எதுவும் அச்சிடாத அட்டையை எடுத்து, மறைந்தவரைப் பற்றி அனுப்புபவருக்குத் தெரிந்த ஒரு செய்தியை எழுதுவது மேல்.

தாளும் மையும் தபாலும்

பொருத்தமான அட்டையும் கைப்பிழையால் கெடக்கூடும். பளபளப்புப் பூச்சு ஏற்றிய அட்டையில் ஜெல் பேனா மை எளிதில் உலராது. மடித்ததும் பெயர் எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகப் பதிந்துவிடும். பூச்சில்லாத உட்தாள் உள்ளதா என்பதைக் கடையிலேயே விரலால் தடவிப் பார்த்து அறியலாம். மங்கல அழைப்புகளின் மூலைகளில் மஞ்சள் தடவும் வழக்கம் உள்ள வீடுகளில், கறுப்புப் பின்னணி கொண்ட அட்டை எவ்வளவு கலைநயம் உடையதாயினும் முதியோர் முகம் சுளிப்பர். இந்தியத் தபாலில் கடிதக் கட்டணம் 20 கிராம் படிகளாகக் கணக்கிடப்படுவதால், இசை ஒலிக்கும் அட்டையையும் மணி, ஜரிகை ஒட்டிய அட்டையையும் எடை போட்டே அனுப்ப வேண்டும். தபால் தலை குறைந்தால், பெறுபவர் குறைந்த தொகையின் இரு மடங்கைத் தண்டமாகக் கட்ட நேரிடும்.

இவற்றையெல்லாம் ஒரே ஒழுங்கில் அடக்கலாம். முதலில் பெறுபவரின் வீட்டு நிலையைக் கேட்டறிந்து, அவருக்குச் சொல்ல வேண்டிய ஒரு வரியைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு, அதன்பின் கடைக்குச் செல்ல வேண்டும். அட்டையிலுள்ள அச்சுவரி அந்த வரியோடு முரண்பட்டால் படம் எவ்வளவு அழகாயினும் அதை விட்டுவிட வேண்டும். ஒத்துப்போகும் அட்டை எதுவும் கிடைக்காவிட்டால், முன்பே எழுதிய அந்த ஒரு வரியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினாலே வாழ்த்து முறையாகப் போய்ச் சேரும்.