ஊசி போட்டா எத்தனை நாளில் கேக்கும்?



மாதக் கூட்டத்தில் கடன் கேட்கும்போது நாம் அடிக்கடி சொல்லும் காரணம் மருத்துவச் செலவு. அதில் பாதிப் பேர் சொல்வது இதுதான்: "ஒரு வாரம் ஊசி போட்டுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு இருக்கேன்." கேட்காத மருந்தை மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் அந்த மருந்து ஒரு வாரத்தில் கேட்கிற மருந்துதானா என்று நாம் யாரும் கேட்பதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாததால் நல்ல மருந்தைப் பாதியில் விட்டவர்களும் உண்டு, பொய் மருந்துக்குக் கடன் வாங்கியவர்களும் உண்டு. ஆகவே இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பாடத்தின் நோக்கம்

* பெப்டைடு மருந்து என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது
* ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு என்று புரிந்துகொள்வது
* டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பழகிக்கொள்வது

1. பெப்டைடு என்றால் என்ன?

பருப்பு, முட்டை, மீனில் புரதச் சத்து இருக்கிறது என்று நமக்குத் தெரியும். புரதத்தை ஒரு நீளமான பூச்சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பூவுக்கும் அமினோ அமிலம் என்று பெயர். அந்தப் பூக்களையே கொஞ்சமாகக் கோத்த சின்னச் சரம்தான் பெப்டைடு. நம் உடம்பே பல பெப்டைடுகளைச் செய்கிறது. "இதைச் செய், அதை நிறுத்து" என்று ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு அனுப்பும் சேதி மாதிரி அவை வேலை செய்கின்றன.

"இதை ஏன் மாத்திரையாக் குடுக்காம ஊசியாப் போடுறாங்க?" என்று பலரும் கேட்பீர்கள். மாத்திரையாக விழுங்கினால் வயிறு அதையும் பருப்பு, முட்டை மாதிரி செரித்துவிடும். மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேராது. அதனால்தான் பெப்டைடு மருந்துகள் பெரும்பாலும் ஊசியாக வருகின்றன.

2. நிமிடக் கணக்கு: பிரசவ ஊசி

குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு ஓர் ஊசி போடுவார்கள். அதன் பெயர் ஆக்ஸிடோசின். ஒன்பதே ஒன்பது பூ கொண்ட சின்னச் சரம் அது. அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ 1953ல் இதைச் சோதனைக்கூடத்திலேயே செய்து காட்டினார். அதற்கு 1955ல் நோபல் பரிசும் பெற்றார்.

10 யூனிட் தசையில் போட்டால் சில நிமிடங்களிலேயே கர்ப்பப்பை கல் மாதிரி இறுகும். இறுகினால்தான் ரத்தப்போக்கு அடங்கும். பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதற்கு அதிக ரத்தப்போக்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே இங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர்தான். ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று நர்சம்மா வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை. "வலி சீக்கிரம் வரட்டும்" என்று வீட்டில் யாராவது இந்த ஊசியைப் போட வந்தால் விடாதீர்கள். கர்ப்பப்பை கிழிந்து தாயும் பிள்ளையும் ஆபத்துக்கு ஆளாகலாம். மாடு பால் இறக்க வேண்டும் என்று சிலர் திருட்டுத்தனமாகப் போடுவதும் இதே மருந்துதான்.

காசு கொடுக்காமலே இந்தப் பெப்டைடு நமக்குச் சுரக்கவும் செய்யும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டால், அது சப்பச் சப்ப ஆக்ஸிடோசின் தானாகச் சுரக்கும். சீம்பாலும் இறங்கும், கர்ப்பப்பையும் சுருங்கும்.

3. மணிக் கணக்கு: இன்சுலின்

இன்சுலின் 51 பூ கொண்ட சரம். 1922 ஜனவரியில் கனடா நாட்டில் டொராண்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதலில் போட்டார்கள். முதல் ஊசி சரியாகச் சுத்தம் செய்யப்படாததால் பெரிய பலன் இல்லை. மருந்தை நன்றாகச் சுத்தம் செய்து சில நாள் கழித்து மறுபடி போட்டபோது, 520 இருந்த சர்க்கரை 24 மணி நேரத்தில் 120க்கு இறங்கியது. சாகக் கிடந்த பையன் அதன் பிறகு 13 வருடம் இருந்தான்.

இன்று பரவலாகப் போடும் சாதாரண இன்சுலின் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். 2 முதல் 4 மணி நேரத்தில் வேகம் அதிகமாக இருக்கும். 5 முதல் 8 மணி நேரத்தில் அடங்கிவிடும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்னால் போடச் சொல்கிறார்கள். வேறு வகை இன்சுலினுக்கு வேறு கணக்கு. உங்களுடையது எந்த வகை என்று கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டுவிட்டு சாப்பிடாமல் நூறு நாள் வேலைக்கோ காட்டுக்கோ ஓடக் கூடாது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், படபடப்பு வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடி குடிக்கலாம். சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108க்கு போன் போடுங்கள்.

வெயிலில் வைத்த இன்சுலின் வீரியம் குறைந்துவிடும். அப்புறம் "ஊசி போட்டும் கேக்கல" என்றுதான் சொல்வோம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானையில் ஈர மணல் போட்டு, மருந்து பாட்டிலைத் தண்ணீர் புகாமல் ஒரு டப்பாவில் மூடி நிழலில் வைக்கலாம். பிரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கம் வையுங்கள். ஐஸ் உறையும் இடத்தில் வைத்தால் மருந்து கெட்டுவிடும்.

4. வாரக் கணக்கு: கால் புண்

நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். சர்க்கரை வியாதிக்காரருக்குக் காலில் புண். ஆஸ்பத்திரியில் இன்சுலின் போடச் சொல்கிறார்கள். பத்து நாள் ஆகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது, புண் அப்படியே இருக்கிறது. "ஊசி போட்டும் புண்ணு ஆறல, இது எதுக்கு?" என்று ஊசியை நிறுத்துகிறார்கள். அதன் பிறகு சர்க்கரை ஏறி, புண்ணில் சீழ் வைத்து, விரலை எடுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

இங்கே இரண்டு கணக்கு ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊசிக்கு மணிக் கணக்கு, புண்ணுக்கு வாரக் கணக்கு. இன்சுலின் புண்ணை மூடுகிற மருந்து இல்லை. புண் ஆறுவதற்கு உடம்பைத் தயார் செய்கிற மருந்து. விதைக்கும் முன்னால் வயலுக்குத் தண்ணீர் கட்டுவது மாதிரி.

புண் எப்படி ஆறுகிறது? முதல் சில நாள் சிவந்து வீங்கும், உடம்பு கிருமியோடு சண்டை போடும். அடுத்த சில வாரத்தில் அடியிலிருந்து சிவப்பாகப் புதுச் சதை எழும்பும். மேல்தோல் மூடிய பிறகும் உள்ளே பலம் ஏற மாதக்கணக்கில் ஆகும். சர்க்கரை உள்ளவருக்கு இது எல்லாமே தாமதமாகும்.

புண்ணை ஆற வைப்பதற்கென்றே ஒரு ஜெல் 1997ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடம்பு தோலை வளர்க்கச் சுரக்கும் புரதத்தையே மருந்தாக்கியது அது. அதைச் சோதித்தபோது, 20 வாரத்தில் 100 பேரில் சுமார் 50 பேருக்குப் புண் முழுதாக மூடியது. மருந்தில்லாத ஜெல் போட்டவர்களில் சுமார் 35 பேருக்கு மூடியது. மருந்து வேலை செய்தது உண்மை. ஆனால் அதற்கும் மாதக்கணக்கில் ஆனது, எல்லோருக்கும் ஆறிவிடவும் இல்லை.

ஆகவே புண் ஆறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கட்டு மாற்றும் நாளில் புண்ணின் நீளம், அகலத்தை நர்சம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். புண் கருத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, சீழ் வைத்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ நான்கு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள். புண்ணுள்ள காலை ஊன்றி நடந்துகொண்டே இருந்தால் எந்த மருந்தும் கேட்காது.

5. மாதக் கணக்கு: எலும்பு

தீட்டு நின்ற பிறகு நம் எலும்பு மெல்ல மெல்லப் பலம் குறையும். மிகவும் தேய்ந்து எலும்பு முறிந்தவர்களுக்கு டெரிபாரடைடு என்ற பெப்டைடு ஊசியைப் பெரிய டாக்டர்கள் எழுதுவது உண்டு. 34 பூ கொண்ட சரம். தினமும் ஓர் ஊசி, ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை. போட்ட மறுநாள் எந்த வித்தியாசமும் தெரியாது. எலும்பின் அடர்த்தியைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் பலன் தெரியும். "வலி போகலியே" என்று ஒரு மாதத்தில் நிறுத்தினால் போட்ட பணம் வீண்.

6. "மூணே ஊசி, மூட்டு வலி போச்சு"

இப்போது டவுன்களிலும் செல்போன் விளம்பரங்களிலும் "குணப்படுத்தும் பெப்டைடு" என்று புதுப்புது ஊசிகள் வருகின்றன. மூட்டு வலி, ஜவ்வு கிழிசல், பழைய காயம் எல்லாம் சில நாளில் சரியாகும் என்கிறார்கள். அதில் அதிகம் பேசப்படுவது பி.பி.சி. 157. அதை எலிகளுக்குப் போட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் நிறைய உண்டு. மனிதர்களுக்குப் போதுமான அளவில் சோதித்துப் பார்க்கவில்லை. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை 2022லேயே விளையாட்டு வீரர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"இது எத்தனை நாளில் கேக்கும்?" என்று கேட்டால், நேர்மையான பதில் "சொல்ல முடியாது" என்பதுதான். சரியாகச் சோதிக்காத மருந்துக்கு நாள் கணக்கு எங்கிருந்து வரும்? "மூணே நாள்" என்று அடித்துச் சொல்பவர் வியாபாரம் செய்கிறார்.

இன்னொன்று. பெயர் தெரியாத ஊசி போட்டு ஒரே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படும் முன் யோசியுங்கள். சில இடங்களில் ஸ்டீராய்டு மருந்தைச் சொல்லாமல் போட்டுவிடுகிறார்கள். வலி உடனே குறையும், ஆனால் சர்க்கரை ஏறும். அடிக்கடி போட்டால் எலும்பும் கெடும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்த மருந்தின் பெயர் என்ன? சீட்டில் எழுதித் தருவீர்களா?
2. எத்தனை மணியில், எத்தனை நாளில் வேலை செய்யும்?
3. வேலை செய்கிறது என்பதை நான் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?
4. எத்தனை நாள் போட வேண்டும்? நானாக நிறுத்தினால் என்ன ஆகும்?
5. எப்போது திரும்பி வர வேண்டும்? எது நடந்தால் உடனே வர வேண்டும்?

இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். வங்கி மேனேஜரிடம் வட்டிக் கணக்குக் கேட்கத் தெரிந்த நமக்கு இது பெரிய விஷயமே இல்லை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் வேலையில் சேர்ந்தவர்களும் நம் மகளிர் குழுப் பெண்கள்தான்.

குழுவில் கலந்து பேச

* நம் குழுவில் இன்சுலின் போடுபவர்கள் எத்தனை பேர்? மருந்தை எங்கே வைக்கிறார்கள்?
* பாதியில் மருந்தை நிறுத்தியவர் யாராவது உண்டா? ஏன் நிறுத்தினார்?
* வைத்தியத்துக்குக் கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் "மருந்துச் சீட்டு இருக்கா? எத்தனை நாளில் கேக்கும்னு கேட்டீங்களா?" என்று குழு கேட்கலாமா? அவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கால் புண்ணோடு யாராவது வீட்டில் முடங்கியிருந்தால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.