கோடை மழையா? 'செங்கல்பட்டு' வரியைப் படியுங்கள்

வானிலை அறிக்கையில் 'சென்னை'யை மட்டும் பார்த்துவிட்டுக் குடையில்லாமல் கிளம்பாதீர்கள். நம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ.; 'மிக கனமழை' 12 முதல் 20. ஆனால் அன்றாட வேலைக்கு உதவுவது வானிலை மையம் அவ்வப்போது வெளியிடும் 3 மணி நேர முன்னறிவிப்புதான்.

உள்மாவட்ட வெக்கையும் கடற்காற்றும் சந்திக்க, பிற்பகலில் காஞ்சிபுரம் பக்கம் மேகம் திரளும். பெரும்பாலும் மாலை, இரவில் நம் தலைமேல் வரும். வடாம், வத்தலை 3 மணிக்கே மொட்டைமாடியிலிருந்து இறக்கிவிடுங்கள். அதற்காக விடியற்காலையை நம்பிவிடவும் முடியாது: 2023 ஜூன் 19 காலை, மழையால் பள்ளிகளுக்கே விடுமுறை விட்டார்கள்.

இடி கேட்டால் உடனே உள்ளே வாருங்கள். கடைசி இடிக்குப் பிறகும் 30 நிமிடம் மாடி வேண்டாம். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி உண்டு. காற்றோடு மழை வந்தால் கரண்ட் போகும்; மோட்டார் போட்டுத் தொட்டியை மதியமே நிரப்பிவையுங்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியப் புகார் மையமான 'மின்னகம்' 94987 94987-க்குச் சொல்லுங்கள்.