கண்ணிமையும் முகபாவமும்

வகுப்பில் எப்போதும் உறக்கக் கலக்கத்துடன் காணப்படும் மாணவனைச் சோம்பேறி எனக் கொள்வது எளிது. அவனுடைய மேலிமை பிறவியிலேயே தாழ்ந்திருக்கலாம் என்ற எண்ணம் நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. பிறர் முகத்தில் நாம் படித்தறிவதாகக் கருதும் குணங்களிற் சில, இமையின் ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தைப் பொறுத்தவையே.

இதனை ஆசிரியர்கள் கரும்பலகையில் காட்டலாம். கண்களாக இரு வட்டங்கள் வரைந்து, அவற்றின் மேல் விளிம்பைச் சற்றே மறைக்குமாறு கோடிடுக. முகம் அமைதியாகத் தோன்றும். கோட்டை வட்டத்தின் நடுவுக்கு இறக்கினால் உறக்கமோ அலட்சியமோ தோன்றும். வட்டத்துக்கு மேலே உயர்த்தினால் திகில் தோன்றும். வாயைத் தொடவே வேண்டியதில்லை. இயல்பான கண்ணிலும் மேலிமை கருவிழியின் மேல் விளிம்பை 1 அல்லது 2 மில்லிமீட்டர் அளவே மறைக்கிறது.

வயது முதிரும்போது மேலிமைத் தோல் தளர்ந்து தொங்குகிறது. பார்வையை மறைக்கும் அத்தோலைத் தூக்குவதற்காக நெற்றித் தசை, அவர் அறியாமலே, புருவங்களை உயர்த்திக்கொண்டிருக்கும். நெற்றியில் சுருக்கம் விழும்; காண்போர் அவரைக் கவலையுற்றவர் என்பர். மிகுதியான தோலைச் சஸ்திர சிகிச்சையால் அகற்றியபின் நெற்றித் தசைக்கு அவ்வேலை இல்லை. கவலைக் குறி மறைகிறது. ஆனால் புருவமும் கீழிறங்குகிறது. சிலரிடத்தில் இதனால் கடுகடுப்பான தோற்றம் உண்டாவதுண்டு. ஆகவே தேர்ந்த மருத்துவர், இமையை அளக்குமுன் புருவத்தை அளக்கிறார்.

அளவுக்கு மிஞ்சித் தோலை அகற்றினால் விளைவு வேறு. இமைகள் முற்றும் மூடா. கருவிழி உலர்ந்து புண்படக்கூடும். கீழிமை கீழ்நோக்கி இழுக்கப்பட்டால் கருவிழிக்குக் கீழே வெண்மை தெரிந்து, மனிதர் துயருற்றவர்போல் தோன்றுவார். அழகுக்காகச் செய்துகொள்பவர் முன்கூட்டியே அறியவேண்டுவது இது.

ஒரு கண்ணை மட்டும் திருத்துவதிலும் ஒரு விந்தை உண்டு. இரு மேலிமைகளுக்கும் மூளையிலிருந்து சமமான ஏவலே செல்கிறது. எவால்ட் ஹேரிங் 1868-ல் விழித்தசைகளுக்குக் கூறிய இந்த விதி இமைகளுக்கும் பொருந்துகிறது. தாழ்ந்த இமையைத் தூக்க மூளை செய்யும் மிகை முயற்சி, மற்ற இமையையும் உயர்த்தி வைத்திருக்கும். தாழ்ந்ததைச் சரிசெய்தபின் அம்முயற்சி குறைய, நல்லதென்றிருந்த இமை தாழக்கூடும்!

தொடக்கத்தில் கூறிய மாணவனிடம் திரும்புவோம். தலையைப் பின்சாய்த்து, மோவாயை உயர்த்திப் பார்க்கும் குழந்தையைக் கண்டால், இமை பாவையை மறைக்கிறதா எனக் கவனிக்க வேண்டும். மறைக்குமாயின் அக்கண்ணின் பார்வை வளராமற் போகலாம். தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அனுப்புக. இமை திடீரெனத் தாழ்ந்து, இரட்டைப் பார்வையோ கடுந்தலைவலியோ சேர்ந்திருந்தால், எவ்வயதினராயினும் அன்றே மருத்துவமனையில் சேர்க்கவேண்டும்.