இரத்த அழுத்த மாத்திரையும் மறவாத நினைவும்

இதயத்திற்கென்று செய்த மருந்து மூளையில் பதிந்த நினைவைத் தொடுமா? விலங்கியல் பயிலும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

அச்சம் வரும்போது அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினைச் சுரக்கிறது. மூளையில் நார் அட்ரீனலின் பெருகுகிறது. இதயத்திலுள்ள பீட்டா ஏற்பிகளில் இவை பூட்டில் சாவி போலப் பொருந்துவதால் துடிப்பு விரைகிறது. 1960-களில் ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரப்ரனலால் அப்பூட்டின் துளையை முன்னரே அடைத்துக்கொள்கிறது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இம்மருந்து மூளைக்குள்ளும் புகவல்லது. அங்கே அமிக்டலா என்னும் வாதுமைக் கொட்டை வடிவப் பகுதியிலும் இதே பூட்டுகள் உள்ளன. உள்ளத்தை உலுக்கும் நிகழ்ச்சிகளை ஆழப் பதியச் செய்வதில் அமிக்டலாவிற்குப் பெரும்பங்கு உண்டு.

1994-இல் கலிபோர்னியாவில் கேஹில், மெக்கா முதலியோர் செய்த ஆய்வு எளிமையும் அழகும் உடையது. சிலருக்குப் புரப்ரனலாலும், சிலருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் படங்களுடன் ஒரு கதை சொன்னார்கள். கதையில் ஒரு சிறுவன் மோட்டார் விபத்தில் சிக்குகிறான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மாவு மாத்திரை உண்டவர்கள் விபத்துப் பகுதியை மிகத் தெளிவாக நினைவு கூர்ந்தார்கள். மருந்து உண்டவர்களிடம் அந்தத் தனித்தெளிவு இல்லை. விபத்தில்லாத சாதாரணக் கதையிலோ இரு சாராரும் ஒன்றுபோலவே இருந்தனர். மருந்து நினைவை அழிக்கவில்லை. அச்சம் ஊட்டிய கூடுதல் அழுத்தத்தை மட்டுமே குறைத்தது.

என் தந்தை கிணறு வெட்டும் தொழிலாளி. உடன் வேலை செய்தவர் மண் சரிந்து மாண்டதைக் கண்ணால் கண்டவர். இன்றும் இரவில் திடுக்கிட்டு எழுவார். இரத்த அழுத்தத்திற்கு அவர் உண்பது அம்லோடிபின். "இதைத் தின்றால் அந்த நாள் மறந்துபோகுமாடா?" என்று ஒருநாள் கேட்டார். அது இரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தும் மருந்து. பீட்டா பூட்டுகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அழுத்த மாத்திரைகள் யாவும் ஒரே இனமல்ல என்பதை அவருக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

பழைய நினைவுக்கு வழியே இல்லையா? 2000-இல் நியூயார்க்கில் நாதர், லெடூ குழுவினர் எலிகளிடம் ஒரு புதுமை கண்டனர். கிளறப்பட்ட அச்ச நினைவு சிறிது நேரம் இளகி, மீண்டும் இறுகுகிறது! அந்த இளகிய வேளையைப் பயன்படுத்த எண்ணிய கனடா நாட்டு அலன் புரூனே, 60 பேரைக் கொண்ட ஆய்வொன்றை 2018-இல் வெளியிட்டார். புரப்ரனலால் உண்டபின் தம் துயர நிகழ்ச்சியை வாரந்தோறும் படித்தவர்களுக்குத் துன்பம் கூடுதலாகத் தணிந்தது. அதே ஆண்டில் வெளிவந்த, அமெரிக்க முன்னாள் படைவீரர் 304 பேரிடம் நடந்த வேறோர் ஆய்வில், பிரசோசின் என்னும் மற்றோர் அழுத்த மருந்து கெட்ட கனவுகளுக்கு மாவு மாத்திரையைவிடச் சிறந்ததாக இல்லை. ஆகவே இத்துறையில் யாரும் அவசரப்பட்டு விழா எடுக்க முடியாது.

தேர்வு நடுக்கத்திற்குப் புரப்ரனலால் வாங்கலாமென எண்ணும் நண்பர்களுக்கு ஒரு சொல். நுரையீரலிலும் பீட்டா பூட்டுகள் உண்டு. ஆஸ்துமா உள்ளவருக்கு இம்மாத்திரை மூச்சுக்குழலைச் சுருக்கி உயிருக்கே ஊறு செய்யலாம். மருத்துவர் சொல்லி நாள்தோறும் உண்பவரும் இதைத் திடீரென நிறுத்தலாகாது.