பைத்தான் கையேட்டைத் திருத்துவது யார்?

மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும், அதைப் பயன்படுத்தும் வழி தெரியாவிட்டால் பயனில்லை. நம்மில் பலர் முதலாண்டிலேயே பயிலும் பைத்தான் நிரல்மொழி 1991இல் வெளிவந்தது. அதன் கையேடுகள் பல்லாண்டுகள் 'லாடெக்' என்னும் அச்சுக்கோப்பு முறையில் எழுதப்பட்டன. அச்சில் அழகுதான்; ஆனால், ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவர்கூட அந்தக் குறியீடுகளைக் கண்டு தயங்கினார். வெறும் உரையாக அனுப்பினாலும் ஏற்போம் என்று திட்டக்குழுவினரே எழுதி வைக்க வேண்டியிருந்தது.

2008இல் வந்த 2.6 பதிப்போடு நிலைமை மாறியது. கியோர்க் பிராண்டல் உருவாக்கிய 'ஸ்ஃபிங்ஸ்' கருவி, ஏறக்குறையச் சாதாரண உரைபோல் எழுதியதையே இணையப் பக்கமாக்கித் தந்தது.

கையேடு, நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் 'டாக்' என்ற கோப்புறையில் உள்ளது. ஆகவே, நிரலை மாற்றுபவர் விளக்கத்தையும் அதே திருத்தத்தில் மாற்றலாம். மறந்தால் சரிபார்ப்பவர் கேட்பார். எடுத்துக்காட்டுகள் பலவற்றை (எல்லாவற்றையும் அன்று) 'டாக்டெஸ்ட்' இயக்கிப் பார்த்து, விடை மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும்.

விளக்கம் புரிகிறதா என்பதை மட்டும் எந்தக் கருவியும் சோதிக்காது. அதற்குப் புதிதாகப் படிப்பவரே தகுந்தவர் என்பது என் கருத்து. தேர்ந்தவர் கண்ணுக்கு விடுபட்ட படி தெரிவதில்லை. மாணவர்களாகிய நமக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது.

களஞ்சியம் 2017இல் கிட்ஹப்புக்கு மாறியது. சிறு எழுத்துப்பிழை என்றால் தனியே முறையீடு பதிய வேண்டியதில்லை; திருத்தத்தையே அனுப்பலாம். முதன்முறை அனுப்புபவர் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட வேண்டும், அவ்வளவுதான்.