கால்தாங்கி தாழ்ந்தால் பிரேக் மிதியும் தாழ வேண்டும்

தோட்டப்புறங்களில் மிதிவண்டியின் இடத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டு வெகுகாலமாகிறது. 1958ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ என்னும் சிறு வண்டியின் வழிவந்தவற்றையே நாம் ‘கப்சாய்’ என்று வழங்குகிறோம். விடியுமுன் பெரட்டுக்குச் செல்வதற்கும், பால் வாளிகளை ஏற்றிச் செல்வதற்கும், மாலையில் கிள்ளானுக்குச் சாமான் வாங்கப் போவதற்கும் இதே வண்டிதான் உதவுகிறது. ஆயினும் உயரமானவர்களுக்கும் மூட்டுவலி கண்டவர்களுக்கும் இவ்வண்டியில் முழங்கால் மிகுதியாக மடங்குவது தொல்லையே. ஆகையால், பட்டறையில் கொடுத்துக் கால்தாங்கியை ஓர் அங்குலம் தாழ்த்திக்கொள்வோர் உண்டு. பெரும்பாலும் வேலை அத்துடன் முடிந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

கால்தாங்கி தாழ்ந்தால் பாதமும் தாழ்கிறது. பிரேக் மிதியோ பழைய உயரத்திலேயே நிற்கிறது. அவசரத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டுமானால், பாதத்தைக் கால்தாங்கியிலிருந்து தூக்கி, மிதியின் மேல் வைத்து, அதன் பிறகே அழுத்த வேண்டும். இதற்கு அரை விநாடி கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அந்த அரை விநாடியில் எட்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கூட்டரசு நெடுஞ்சாலையை ஒட்டி மோட்டார் சைக்கிள்களுக்கென 1970களில் தொடங்கி அமைக்கப்பட்ட தனிப்பாதையில் சென்றவர்கள் அதன் குறுகிய வளைவுகளையும் சுரங்க வழிகளையும் அறிவார்கள். அங்கு எட்டு மீட்டர் என்பது சிறு தூரமன்று. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் முன்செல்லும் வாடகைக் கார் திடீரென நிற்கும்போதும் அப்படியே.

இத்தொல்லைக்கு அஞ்சிச் சிலர் பாதத்தை எந்நேரமும் மிதியின் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகின்றனர். இது இன்னும் கெடுதல். பிரேக் ஷூ டிரம்மில் உராய்ந்துகொண்டே இருப்பதால் சூடேறும், விரைவில் தேயும், பெட்ரோலும் வீணாகும். பிரேக் விளக்கும் ஓயாமல் எரியும். பின்னால் வருபவர் இவர் உண்மையில் எப்போது வேகத்தைக் குறைக்கிறார் என்பதை எவ்வாறு அறிவார்?

எனவே மிதியையும் தாழ்த்த வேண்டும். பல வண்டிகளில் மிதியின் அடித்தண்டருகே ஒரு தடுப்புத் திருகும், அதை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு நட்டும் இருக்கும். மிதி எவ்வளவு உயரத்தில் ஓய்ந்து நிற்க வேண்டும் என்பதை அத்திருகே தீர்மானிக்கிறது. ஆனால் இங்கு ஒரு நுட்பத்தை மனத்தில் கொள்ளவேண்டும். மிதியைத் தாழ்த்துவது என்பது பிரேக்கைச் சிறிது அழுத்தி வைப்பதற்கு ஒப்பாகும். மிதி இறங்கினால் அதனுடன் இணைந்த பிரேக் கம்பி இழுபடும். பிரேக் விளக்கின் சுவிட்சை இழுக்கும் சிறு சுருளும் அவ்வாறே இழுபடும். மிதியை மட்டும் தாழ்த்திவிட்டு வண்டியை எடுத்தால், கால் படாமலேயே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகையால் வேலையின் வரிசை முக்கியமானது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, இயந்திரம் ஆறிய பிறகு, முதலில் பின்சக்கரத்தருகே பிரேக் கம்பியின் முனையிலுள்ள நட்டைச் சில சுற்றுகள் தளர்த்துங்கள். பிறகு பூட்டு நட்டைத் தளர்த்தித் தடுப்புத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மிதி இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். வேலைக்கு அணியும் பூட்ஸையே அணிந்துகொண்டு உயரத்தை அளவிட வேண்டும்; சிலிப்பரோடு சரிபார்த்தால், தடித்த அடியுள்ள பூட்ஸுக்கு அது பொருந்தாது. உள்ளங்கால் கால்தாங்கியில் இருக்க, பாதத்தின் முன்பகுதி மிதிக்குச் சற்று மேலே தொடாமல் நிற்க வேண்டும். கணுக்காலை மட்டும் அசைத்து அழுத்த முடிய வேண்டும். உயரம் அமைந்ததும் பூட்டு நட்டை இறுக்கிவிடுங்கள்.

அடுத்தது தளர்வு. மிதியைக் கையால் அழுத்தினால், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் மிதியின் நுனி சிறிது தூரம் வெறுமனே இறங்கும். சிறிய டிரம் பிரேக் வண்டிகள் பலவற்றில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். கம்பி முனையிலுள்ள நட்டைத் திருப்பி இவ்வளவு தளர்வை அமைத்து, நட்டிலுள்ள பள்ளம் பிரேக் கையின் உருளையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அது தடையின்றிச் சுழல வேண்டும். மிதியை முழுவதும் அழுத்தும்போது அது புகைக்குழாயிலோ கால்தாங்கியிலோ முட்டக் கூடாது. முட்டினால் அழுத்தம் அங்கேயே நின்றுவிடும். பிரேக் முழுமையாகப் பிடிக்காது.

விளக்குக்கு வீட்டுப் பிள்ளையொன்றைப் பின்னால் நிற்கச் சொல்லலாம். பிரேக் பிடிக்கத் தொடங்கும் தறுவாயில் விளக்கு எரிய வேண்டும். காலை எடுத்ததும் அணைய வேண்டும். சரியில்லையெனில் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு அதன் நட்டை மட்டும் திருப்புங்கள். சுவிட்சையே திருப்பினால் ஒயர் முறுக்கிக்கொள்ளும்.

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில், மிதியிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குச் செல்லும் தள்ளுகோலின் வழியாக உயரம் மாற்றப்படுகிறது. கோல் சிறிதேனும் உள்ளே அழுத்தப்பட்டு நின்றால், எண்ணெய் திரும்பும் துளை அடைபடும். எண்ணெய் சூடாகி விரியும்போது போக இடமின்றிப் பிரேக் தானாகவே இறுகி, சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். இவ்வேலையை அனுபவமுள்ள பட்டறைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சில கப்சாய் வகைகளில் தடுப்புத் திருகே இராது. மிதியை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருவதாகச் சொல்லும் பட்டறைகளுக்கு இணங்க வேண்டாம். காய்ச்சி வளைத்த இரும்பு என்று முறியும் என யாராலும் சொல்ல முடியாது. அத்தகைய வண்டிக்குப் பழைய கால்தாங்கியையே திரும்பப் பொருத்தி, முழங்காலுக்காக இருக்கையின் பஞ்சை உயர்த்திக்கொள்ளலாம். தாழ்ந்த கால்தாங்கி வளைவுகளில் விரைவில் தரையைத் தொடும் என்பதும், செம்மண் பாதையின் பள்ளங்களில் அடிபடும் என்பதும் கவனிக்கத் தக்கவை. பாகங்களை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்துக்கொண்டால், பின்னர் பரிசோதனையில் சங்கடமிராது.

எல்லாம் முடிந்தபின் முதலில் மேடுபள்ளமற்ற தோட்டப் பாதையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சிறிது தூரம் சென்று நிறுத்தி, டிரம்மின் அருகே கையைக் கொண்டுசென்றால், தொடாமலேயே சூடு தெரியும். மிதியைத் தொடாமல் ஓட்டியும் சூடேறியிருந்தால் தளர்வு போதவில்லை. சில வாரங்கள் கழித்துச் சங்கிலியை இறுக்கும்போதும் இதே நிலை நேரிடலாம். அப்போது பின்சக்கரம் பின்னோக்கி நகர்வதால் பிரேக் கம்பி இழுபட்டுத் தளர்வு குறைகிறது. சங்கிலியை இறுக்கிய அன்றே மிதியை அழுத்திப் பார்த்து, கம்பியின் நட்டையும் வேண்டிய அளவு தளர்த்திக்கொள்ள வேண்டும்.